பாஸ்போர்ட் எண்ணோடு முப்பத்தொரு கையெழுத்து

புதுச்சேரி
18.1.1979

அன்புள்ள தம்பி அழகேசனுக்கு,

பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இந்த வருஷம் ஊரில் பொங்கல் பாதிதான் பொங்கியது. கடை அடைப்பு, ஊர்வலம், மறுபடி கடை அடைப்பு. கரும்பு வாங்கப் போன உன் மாமா, கரும்பு இல்லாமல் ஒரு கொடியோடு திரும்பி வந்தார்.

விஷயம் உனக்கு அங்கே தெரிந்திருக்குமோ என்னவோ. டில்லியில் புதுச்சேரியைப் பங்கு போடுவதென்று பேசுகிறார்கள். நாமும் காரைக்காலும் தமிழ்நாட்டோடு, மாஹே கேரளத்தோடு, ஏனாம் ஆந்திராவோடு. நவம்பரிலிருந்து இங்கே சட்டசபையும் கிடையாது, மந்திரிகளும் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

என் நாத்தனார், மாமாவின் அக்கா, திண்டிவனத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறாள்: "சேர்ந்தா என்ன அம்புஜம், நாங்க மட்டும் தமிழங்க இல்லையா?" சேர்ந்தால் குடி முழுகிவிடாது, வாஸ்தவம்தான். அவளும் நானும் ஒரே குழம்பைத்தான் வைக்கிறோம். ஆனால் என் வீட்டுச் சமையலறைச் சுவரை இடிக்க நினைப்பவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எனக்கு அந்த எரிச்சல்தான். எங்கள் அலுவலகத்தைக் கடலூருக்கு மாற்றுவார்கள், சென்னைக்கு மாற்றுவார்கள் என்று தினமும் ஒரு வதந்தி. என் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு நான் எந்த ஊர் பஸ்ஸில் ஏறுவதென்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை ஒப்படைத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார், நினைவிருக்கிறதா? கோர்ட்டிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போதே அந்த வரியை ஆரம்பித்துவிடுவார். எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். இங்கே யாரைக் கேட்டாலும் "இருக்கு, இருக்கு" என்கிறார்கள், காட்ட ஒருவரிடமும் காகிதம் இல்லை. அப்பாவின் டிரங்குப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? தேடிப் பார்த்து அந்த ஒரு வரியை மட்டும் தமிழில் எழுதி அனுப்பு. வேறொன்றும் வேண்டாம்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. பிரெஞ்சு வாத்தியாருக்குக் காது முக்கியம்.

உன் அக்கா,
அம்புஜம்


அஜின்கோர்ட், டொராண்டோ
5.2.1979

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூடம் பனிக்காக விடுமுறை. அதனால் உடனே பெட்டியைத் திறந்தேன். மேலே அப்பாவின் கோட்டு, அதன் கீழே அவர் கட்டி வைத்த காகிதங்கள். நாடா அவிழ்க்க அரைமணி நேரம். அந்த முடிச்சை அவரைத் தவிர யாரும் போட முடியாது.

கிடைத்தது. இரண்டாம் பிரிவு. பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் தமிழில் "முக்கியம்" என்று எழுதியிருக்கிறார். நான் மொழிபெயர்த்தது இது:

"இவ்விடங்களின் ஆட்சி அமைப்பில் பின்னால் செய்யப்படும் எந்த மாற்றமும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்யப்படும்."

படித்ததும் எனக்கு உடம்பு சூடாகிவிட்டது. அக்கா, எழுதி, கையெழுத்திட்டு, இரண்டு நாட்டுப் பாராளுமன்றமும் ஒப்புக்கொண்ட வரி! இதை மட்டும் அனுப்பிவிட்டு ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க முடியுமா?

ஒரு மனு எழுதினேன். கனடாவில் வாழும் புதுச்சேரி மக்கள், எங்கள் ஊரின் சட்டசபையையும் சுயாட்சியையும் எங்களைக் கேட்காமல் கலைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்வது. இங்கே ஒன்பது கையெழுத்து, மொன்றியலிலிருந்து தபாலில் இருபத்திரண்டு. ஆக முப்பத்தொன்று. சவரிமுத்து, ரத்தினசபாபதி, தனபாக்கியம் மகன் ரெனே, எல்லோரும் போட்டிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் பெரிய சண்டை. இங்கே எல்லோரும் காலையிலிருந்து பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தைப் பற்றியே பேசுகிறார்கள், பிரியுமா, பிரியாதா என்று. நான் மனுவை எடுத்ததும் கணக்கு வாத்தியார், "ஓ, நீயும் பிரிவினைக்காரனா?" என்று கேட்டார். இல்லை ஐயா, நாங்கள் எங்கும் போகவில்லை, எங்களை விழுங்காதே என்றுதான் சொல்கிறோம் என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிட்டது. அப்புறம் ஒரு பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் "பாண்டிச்சேரி தீவா?" என்று கேட்டார்.

எங்கள் கட்டடத்தில் கல்யாணசுந்தரம் அண்ணை இருக்கிறார் என்று எழுதியிருந்தேனே, யாழ்ப்பாணத்துக்காரர், வரைபட ஆபீசில் வேலை. அவர் நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே பேனாவை எடுத்துவிட்டார். "ஓம் தம்பி, தாரும். எங்கட ஊரிலயும் உந்தக் கதைதான். கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ எண்டு கேக்கிறதுக்கே ஒரு ஆயுள் போகுது." ஆனால் பாஸ்போர்ட் எண் கேட்டபோது மட்டும் முறைத்தார். "உதென்னத்துக்கு? நான் கையெழுத்து வைக்கிறன், நம்பர் தரமாட்டன்." அவருக்கு நம் அப்பாவைத் தெரியாதல்லவா? பெயர் மட்டும் இருந்தால் அது கோழிக் கிறுக்கல், எண் இருந்தால்தான் ஆவணம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! ஆகவே அண்ணையைத் தவிர மற்ற முப்பத்தொரு பேரின் கையெழுத்துக்கும் எதிரே பாஸ்போர்ட் எண், வழங்கிய நாடு, தேதி எல்லாம் வரிசையாக எழுதி, கோடு போட்டு, கடைசியில் சிவப்பு மெழுகால் முத்திரையும் வைத்திருக்கிறேன். அப்பா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

பதிவுத் தபாலில் உன் அலுவலக முகவரிக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு அனுப்பினால் பகலில் ஆளில்லை என்று திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். நீ போராட்டக் குழுவிடம் கொடுத்துவிடு.

என் சொந்தக் காகிதம் ஒன்றும் மேசையில் கிடக்கிறது. கனடாக் குடியுரிமை விண்ணப்பம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் பாக்கி. ஏனோ கை போகவில்லை. இருக்கட்டும்.

மாமாவுக்கு வணக்கம். கொடியைக் கெட்டியாகப் பிடிக்கச் சொல்.

அன்புத் தம்பி,
அழகேசன்


புதுச்சேரி
16.2.1979

அழகேசா,

உன்னை என்ன செய்தால் தகும்?

ஒரு வரி கேட்டேன். ஒரே ஒரு வரி. ஹோட்டலில் காபி கேட்டவனுக்குக் கல்யாணச் சாப்பாடு போட்ட மாதிரி செய்திருக்கிறாய்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரிக் கடைசியில் இங்கே நிலைமை கைமீறிப் போயிற்று. தடியடி, கண்ணீர்ப் புகை, துப்பாக்கிச் சூடு. உயிர் போயிருக்கிறது தம்பி. மாமா முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஒரு செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இப்போது ஊர் அடங்கியிருக்கிறது. இணைப்பு இப்போதைக்கு இல்லை என்கிறார்கள். அந்த "இப்போதைக்கு" எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியாது. ஊரே பதம் பார்த்துக் கால் வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில்தான் உன் மெழுகு முத்திரை வந்து இறங்கியது.

அலுவலகத்துக்கு வரும் பதிவுத் தபாலை முதலில் பிரிப்பவர் கண்காணிப்பாளர் தட்சிணாமூர்த்தி சார். பிரித்தார், பார்த்தார், என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா அம்புஜம், கனடாவுலேர்ந்து அரக்கு சீல் வச்சு வருது? அத்தனையும் பிரெஞ்சு பாஸ்போர்ட்டு!"

"தம்பி சார்" என்றேன்.

போராட்டம் நடத்தியவர்களை "வெளிநாட்டுக் கை" என்று சொல்ல ஒரு கூட்டம் இங்கே தவம் கிடக்கிறது. ஆதாரம் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நீ எண் போட்டு, தேதி போட்டு, எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கட்டம் கட்டி, ரசீதோடு அனுப்பிவிட்டாய். இதைவிடச் சுத்தமாக யாராலும் செய்ய முடியாது.

அன்று பிற்பகல் எனக்கு ஒரு மெமோ. அன்னிய நாட்டினருடன் அரசியல் தொடர்பு வைத்திருந்தது ஏன், பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் பணி நீக்கம் உட்பட நடவடிக்கை. அலுவலகத்தில் தமிழ் டைப்பிஸ்ட் நான் ஒருத்திதானே? அந்த மெமோவை நானே டைப் அடித்தேன். மூன்று பிரதி. கார்பன் காகிதம் கோணிக்கொண்டதால் கடைசிப் பிரதியை மறுபடியும் அடித்தேன். அப்பா பெற்ற பிள்ளைகள் இரண்டும் இப்படித்தான்.

பதினேழு வருஷ வேலை அழகேசா. மாமாவின் ஆலை மாதத்தில் பாதி நாள் மூடிக்கிடக்கிறது. அதை நீ நினைத்துப் பார்த்தாயா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருந்தால் சோறு இறங்காது. அந்த முப்பத்தொரு பேரில் முக்கால்வாசிப் பேர், ஊர் இந்தியாவிடம் கைமாறியபோது, இந்த ஊர் வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று கையெழுத்துப் போட்டுப் போனவர்கள். இப்போது குளிர் நாட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஊரை எங்களைக் கேட்காமல் தொடாதே என்று இன்னொரு கையெழுத்து. எந்தக் கையெழுத்தை நான் நம்புவது? அடி வாங்கியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இது எங்கள் ஊர். எங்களுக்காக நீங்கள் பேச வேண்டாம்.

மனு என் துணிப் பெட்டியில் புடவைக்கு அடியில் இருக்கிறது. குழுவிடம் கொடுக்கவில்லை.

அம்புஜம்


டொராண்டோ
2.3.1979

அக்கா,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் போய்விட்டேன். பனியில் திரும்பி நடந்தேன்.

வேலை விஷயத்தில் நான் செய்தது முட்டாள்தனம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். என் காலணியால் என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அரசாங்கத்துக்குத் தந்தி கொடுக்கக் கிளம்பினேன். கல்யாணசுந்தரம் அண்ணை கதவிலேயே மறித்துவிட்டார். "தம்பி, உமக்கு மூளை எங்க போட்டுது? ஒரு பேப்பராலதான் அக்காவுக்கு இவ்வளவு கரைச்சல். இன்னொரு பேப்பர் அனுப்பாதேயும். பேசாமல் இரும்." அவர் சொன்னபடி பேசாமல் இருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அந்தப் பதினைந்து நாளும் முடிந்திருக்கும். தினமும் இரண்டு தரம் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்தாயே, அதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நான் எந்தக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போகவில்லை அக்கா. அப்போது எனக்குப் பதினாலு வயது. கையெழுத்துப் போட்டவர் அப்பா. பதினெட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் நாடுதான் நாடு என்று அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அதற்குக் கீழே அவர் கோடு போடவில்லை. ஒரு நாள் பந்து விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தேன், நீ தட்டில் சோறு போட்டுக்கொண்டே "நீ பிரான்சுக்குப் போறே" என்றாய். அவ்வளவுதான். பார்சல் கட்டி அனுப்பினீர்கள். பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது என் பையில் முத்தியால்பேட்டைப் பையன்களோடு ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டிய பந்து இருந்தது, காற்றுப் போய்.

மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே என்ற வரியைப் பார்த்து ஏன் உடம்பு சூடானது என்று இப்போது புரிகிறதா? நான் மனு எழுதியது ஊருக்காகத்தான். ஆனால் கொஞ்சம் அந்தப் பையனுக்காகவும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீகூடக் கேட்கவில்லை.

அங்கே இல்லாதவன் பேசக் கூடாது என்றால் சரி. இது எங்கள் ஊர் என்று நீ எழுதினாயே, அந்த "எங்கள்" என்பதற்குள் நான் இல்லை என்று தெரிந்துவிட்டது. பிரான்சிலிருந்து இங்கே வந்து பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும்போது நான் இந்தியன். மொன்றியலில் நான் பிரெஞ்சுக்காரன். கட்டடத்தில் கல்யாணசுந்தரம் அண்ணைக்கு நான் "இந்தியாத் தம்பி". உன்னிடம் மட்டும்தான் நான் பாண்டிச்சேரிக்காரனாக இருந்தேன்.

வேலை நிலைத்ததா என்று இரண்டு வார்த்தை எழுது. அது போதும்.

அழகேசன்


புதுச்சேரி
17.3.1979

என் கண்ணான தம்பிக்கு,

முதலில் நீ தேடுவதைச் சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. இனி நிதானமாக மேலே படி.

மெமோவுக்குப் பதிலை நானே யோசித்து நானே அடித்தேன். பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் மூன்று வாக்கியம்: "அனுப்பியவர் அன்னியர் அல்லர். என் தம்பி. அவருடைய பாஸ்போர்ட் மட்டுமே அன்னிய நாட்டுடையது." தட்சிணாமூர்த்தி சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார்.

"என் தம்பி தூலோன்ல இருக்கான்மா" என்றார். "பன்னண்டு வருசமாச்சு. அந்த லிஸ்ட்டுல அவன் பேர் இருக்குதான்னுதான் மொதல்ல பாத்தேன்."

"அவர் பிரான்சுல, இது கனடா லிஸ்ட்டு சார்."

"தெரியும். இருந்தாலும் பாத்தேன்."

கோப்பை மூடிவிட்டார். விளக்கம் ஏற்கப்பட்டது என்று அவர் சொல்ல, நான் டைப் அடித்தேன். இந்த ஊரில் கடலுக்கு அப்பால் ஒரு தம்பி இல்லாத வீடு எது, சொல்லு!

அன்று வீட்டுக்கு வந்தபோதுதான் உறைத்தது. அரசாங்கத்துக்கு நீ அன்னியன் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், உனக்கு மட்டும் அதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மனுவைப் புடவைக்கு அடியிலிருந்து எடுத்தேன். எண்களும் நாடும் இருந்த கட்டத்தைப் பின்பக்கமாக மடித்தேன். வெட்டவில்லை, அப்பா எழுந்து வந்து அடிப்பார். மடித்துத்தான் மாமாவிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முத்தியால்பேட்டையில் கூட்டம். மாமா முதலில் உன் இரண்டாம் பிரிவைப் படித்தார். கூட்டம் கை தட்டியது. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சவரிமுத்து என்றதும் ஒருவர் எழுந்து, "அது எங்க சின்னண்ணன் புள்ள" என்றார். ரத்தினசபாபதி என்றதும் இரண்டு பக்கமிருந்தும் குரல். பெயர்ப் பட்டியல் முடிவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ரெனே பெயரைப் படித்தபோது மீன் விற்கிற தனபாக்கியம் மேடைக்கே வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக அவன் கடிதம் போடவில்லையாம். "எம்மவன் எழுதுனதா? ஒரு தரம் தொட்டுப் பாத்துட்டுக் குடுக்கறேன்" என்று வாங்கி, கையெழுத்தின் மேல் விரலை வைத்தபடி நின்றாள். மாமா திருப்பிக் கேட்கவே இல்லை. கல்யாணசுந்தரம் என்று கடைசியாக வந்ததற்கு மட்டும் யாரும் எழவில்லை. "இவரு யாரு?" என்றார்கள். "யாழ்ப்பாணத்துக்காரர், நமக்காகப் போட்டிருக்கார்" என்றேன். அவருக்குத்தான் அதிகமாகக் கை தட்டினார்கள், அவரிடம் சொல்லு.

கூட்டத்திலிருந்து வந்த மறுநாள்தான் உன் கடிதம் வந்தது.

இனி எழுதப் போவதைப் பதினாறு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. உன் மாமாவிடம்கூட.

அப்பா அந்தப் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தில் உடனே கையெழுத்துப் போடவில்லை. கெடுவின் கடைசி வாரம் வரை மேசை மேலேயே வைத்திருந்தார். போட்டால் பிரெஞ்சு பென்ஷன் கிடைக்கும் என்றாலும், அம்மா கட்டிய வீட்டை விட்டுப் போக அவருக்கும் மனசில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "அழகேசனைக் கேட்டுட்டு வாம்மா. அவன் வேணாம்னா நான் போடல. அவன் வாழ்க்கைதானே" என்றார்.

கடற்கரைக்கு வந்தேன். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நீ விளையாடிக்கொண்டிருந்தாய். சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் மணல். கொஞ்ச நேரம் நின்றேன். நீ என்னைப் பார்த்து, "அக்கா, தள்ளிப் போ, பந்து வருது!" என்று கத்தினாய். தள்ளிப் போனேன். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். "கேட்டேம்பா, சரின்னான்" என்று அப்பாவிடம் சொன்னேன்.

ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்டால் வேண்டாம் என்று சொல்வாய் என்பது எனக்குத் தெரியும் தம்பி. அதனால்தான் கேட்கவில்லை. அங்கே போனால் படிப்பாய், நல்ல வேலைக்குப் போவாய், இங்கே இருந்தால் ஆலைதான் என்று நான் முடிவு செய்துவிட்டேன். உன் நல்லதுக்குத்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். டில்லியில் இருப்பவர்களும் நம் நல்லதுக்குத்தான் என்கிறார்கள். அவர்களை எதிர்த்துக் கோஷம் போடும்போதெல்லாம் என் கை மட்டும் பாதியில் கீழே இறங்கிவிடும். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீயும் அப்பாவும் கப்பலில் போன அன்று வீட்டில் நீ கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் என்று எழுதியதை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். நம் ஊர். அந்த ஊருக்கு வர உனக்கு விருப்பமா? காலம் கடந்துதான் கேட்கிறேன். ஆனாலும் கேட்கிறேன். உன் பதில் எதுவானாலும் இந்த முறை அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா,
அம்புஜம்


டொராண்டோ
31.3.1979

என் அன்பு அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். சமையலறையில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். இரண்டாம் தரம் படிக்கும்போது, மணலில் ஒருத்தி தனியாக நின்றுவிட்டுத் திரும்பிப் போவது தெரிந்தது. உனக்கு அப்போது இருபத்தொன்றுதான். இப்போது என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைவிட மூன்று நாலு வயது கூட. அம்மா இல்லாத வீட்டில் உன்னிடம் போய் அப்பா அவ்வளவு பெரிய கேள்வியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்றாம் தரம் படித்தபோது அழுதேன். நன்றாகவே அழுதேன்.

நீ நினைத்தது சரிதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஊர்ப்பற்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருந்தது. அந்த ஒரு மேட்சுக்காக அப்பாவின் பென்ஷனையும் என் படிப்பையும் கடலில் போட்டிருப்பேன். அப்புறம் ஆலையில் மாமாவோடு நின்றுகொண்டு, ஏன் என்னை அனுப்பவில்லை என்று உன்னைத்தான் திட்டியிருப்பேன். அதற்காக நீ செய்தது சரி என்று ஆகிவிடாது. கேட்டிருக்க வேண்டும் அக்கா. நான் தப்பான பதிலைச் சொல்லியிருந்தாலும் அது என் தப்பாக இருந்திருக்கும். இவ்வளவுதான் என் வழக்கு. இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன், நீயும் துவைக்காத சட்டையைப் பற்றியெல்லாம் எழுதி என்னைக் கொல்லாதே.

ரெனேயைத் தொலைபேசியில் கூப்பிட்டு, உன் அம்மா உன் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள் என்றேன். அம்மாவின் முகவரி மாறிவிட்டதா என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரம் தனபாக்கியத்துக்குத் தபால் வந்ததா என்று பார்த்து எழுது.

கல்யாணசுந்தரம் அண்ணையிடம் கைதட்டலைச் சொன்னேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். அதை மறைக்க என்னைத் திட்டினார். "நம்பர் போடாத ஆளுக்குத்தான் கைதட்டு விழுந்தது, பாத்தீரே?" அவர்கள் ஊருக்காக இங்கே ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். மனு எழுத என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எண் எதுவும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஜூலையில் பள்ளிக்கூடம் மூடியதும் வருகிறேன். இந்தியத் தூதரகத்தில் விசா விண்ணப்பம் கொடுத்தாயிற்று. "வரும் நோக்கம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவைப் பார்க்க என்று எழுதினேன். என் ஊருக்கு நான் வர முத்திரை வேண்டியிருக்கிறது, சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பரவாயில்லை.

கனடாக் குடியுரிமைக் காகிதம் இன்னும் மேசை மேலேதான். இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. இந்தப் பிள்ளைகளையும், இந்தப் பஸ்ஸையும், என்னைத் திட்டுகிற இந்த அண்ணையையும் எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இந்த முறை கையெழுத்து என்னுடையது, முடிவும் என்னுடையது. ஆனாலும் அதைப் போடாமல் பெட்டியில் வைத்து எடுத்து வரப்போகிறேன். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் போட எனக்கு மனசு வரவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லக்கூடும் என்று தெரிந்தேதான் கேட்கப் போகிறேன்.

வீட்டில் வைத்துக் கேட்க மாட்டேன். வந்து சேர்ந்த அன்றைக்கே சாயங்காலம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பேன், நீ நடந்து வா. தள்ளிப் போ என்று கத்த மாட்டேன். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உன் தம்பி,
அழகேசன்